நாலாம் தொட்டி

பிறை தொழிற்பேட்டை. மணி மூன்று பத்து.
நாலாம் தொட்டிக்கு மூச்சு வாங்குகிறது.
திரையில் ஆக்சிஜன் கோடு
கால் வலிக்காரர் படி இறங்குவதுபோல்
நின்று நின்று இறங்குகிறது.
கண்ணாடித் துளை வழியே பார்க்கிறேன்:
வெளிறிய கூழுக்குள்
நூலினும் மெல்லிய நூல்கள்
ஒன்றையொன்று தேடிப் பின்னிக்கொண்டு.
இரண்டு நாளில் இறைச்சியாகப் போகிறவை.

எலும்பு கிடையாது இதற்கு.
கத்துவதற்குத் தொண்டை கிடையாது.
சர்க்கரைத் தண்ணீரும் காற்றும் கொடுத்தால்
தன்பாட்டில் பெருகும்.
பூஞ்சை என்றால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று
பொட்டலத்தில் வேறு பேர் போட்டிருக்கிறார்கள்.

முதன்முதலில் இந்தக் கதவைத் திறந்தபோது
மூக்கு சொல்லிவிட்டது.
புளிப்பு. அதற்கடியில் கொஞ்சம் இனிப்பு.
தோட்டத்துக் கள்ளுக்கடைப் பின்சுவரின் வாசம்.
அந்தச் சுவரில்தான் அப்பா சாய்ந்து கிடப்பார்,
சம்பள நாளில், சம்பளம் தீரும்வரை.
சாகும்போது அவர் கண் மஞ்சளாக இருந்தது.
நேர்முகத்தில் லிம் சியூ ஹூன் கேட்டாள்,
'நொதித்தல் பற்றி ஏதாவது தெரியுமா?'
கொஞ்சம் தெரியும் என்றேன்.

மூன்று இருபது. நுரை ஏறுகிறது.
நுரையடக்கியைக் கையால் ஊற்றுகிறேன்.
பம்பு பழுது; புகார் எழுதி மூன்று வாரம்.
ஃபைசுல் ஒரு சொட்டு எடுத்து
நுண்ணோக்கியில் வைத்துக் குனிகிறான்.
நிமிராமலே சொல்கிறான்:
'அக்கா, விருந்தாளி வந்திருக்கு.'
நூல்களுக்கு நடுவே குட்டிக் குட்டிக் குச்சிகள்,
நீந்திக்கொண்டு, இரட்டித்துக்கொண்டு,
எங்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டு.
எந்த வால்வில் நுழைந்தன, எந்த ரப்பர் வளையத்தில்,
அதைக் காலையில் கூட்டம் போட்டுப் பேசுவார்கள்.

ஐயாயிரம் லிட்டர். ஒரே வழிதான்.
நீராவி, நூற்று இருபத்தொரு பாகை, அரை மணி நேரம்.
பொத்தான், ஏனோ, பச்சை நிறம்.
மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கவேண்டும்;
கை தவறி யாரும் தட்டிவிடக்கூடாதாம்.
மூன்று விநாடி
நீளமானது.

பட்டர்வொர்த் பாசாரில் கோழிக்கடை வைத்திருக்கிற
என் தம்பி வடமலைக்கு
அவ்வளவு நேரம் தேவைப்படாது.
'கொல்லாத கறி செய்யப் போறியா' என்று
நான் வேலையில் சேர்ந்த அன்று சிரித்தவன்.
அவன் கடையில் இறகு பறக்கும், சத்தம் இருக்கும்,
சாக்கடை கொஞ்ச நேரம் சிவந்து ஓடும்.
இங்கே குழாய் ஒருமுறை நடுங்கியது.
கோடு தட்டையானது.
பிறகு, வெந்த காளான் வாசம்
கூடம் முழுக்க.
எனக்குப் பசித்தது.
அதுதான் வெட்கமாக இருந்தது.

'தெம்பே பொரிக்கும்போது யாராச்சும் அழறாங்களா, அக்கா?'
ஃபைசுல் கோப்பியை நீட்டினான்.
அவன் சொல்வது சரிதான்.
கோப்பி ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

கம்பெனி பஸ் பிறை ஆற்றுப் பாலம் ஏறும்போது
தண்ணீர் வெளுத்துக்கொண்டிருந்தது.
பைக்குள் இரண்டாம் தொட்டிப் பொட்டலம்,
ஊழியருக்கு மாதம் ஒன்று இலவசம்.

வீட்டில் வடமலை.
தண்ணீர்மலைக்குக் காவடி; ஒன்பது நாளாய்க் கடை அடைப்பு.
போன வருடம் வரை சோயாக் கறி வாங்கி
ரப்பர், ரப்பர் என்று திட்டிக்கொண்டே தின்பான்.
பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'இது சைவமா?'
பச்சைப் பொத்தான் விரலில் இன்னும் இருந்தது.
'சைவம்னுதான் போட்டிருக்கு.'

மிளகாய் அரைத்துப் பிரட்டினான்.
ஒரு துண்டைப் பிய்த்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நார் பார்த்தான்,
தொழில்காரன் பார்வை.
மென்றான்.
'எந்த எடம்? தொடையா, நெஞ்சா?'
'ரெண்டும் இல்லடா.'
இன்னொரு துண்டு எடுத்தான்.
அப்புறம் இன்னொன்று.
'உப்பு கம்மி' என்றான்.

நான் படுக்கப் போனேன்.
மத்தியானம் தொட்டியைக் கழுவிவிடுவார்கள்.
ராத்திரி மறுபடி
சர்க்கரை ஊற்றவேண்டும்.